எழுபத்தைந்துக்கு இன்னும் பதினெட்டு நாள்

எங்கள் மினோசாவா நகராட்சியில் மனித உடம்புக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. எழுபத்து நான்கு வயது முடியும்வரை மஞ்சள் தாள். எழுபத்தைந்து பிறந்ததும் இளஞ்சிவப்புத் தாள். மஞ்சள் தாளில் தொப்பை குற்றம். ஆண்பிள்ளையின் இடுப்பு எண்பத்தைந்து சென்டிமீட்டரைத் தாண்டினால் கூப்பிட்டு உட்காரவைத்து வகுப்பெடுப்பார்கள். இளஞ்சிவப்புத் தாளில் மெலிவு குற்றம். ஆறு மாதத்தில் இரண்டு கிலோ குறைந்துவிட்டால் நர்ஸ் வீடு தேடி வந்து, ஏன் சாப்பிடவில்லை என்று கேட்பார். எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு முதல்நாள் வரை கொழுப்பு வீட்டுக்குள் நுழைந்த திருடன். மறுநாள் காலையிலிருந்து அவனே காவல்காரன். இரண்டு தாளிலும் முத்திரை குத்துபவர் ஒரே ஆள்தான், நலவாழ்வுப் பிரிவுத் தலைவர் மிசுகோஷி. ஒரே முத்திரை, ஒரே மை.

நான் நகராட்சியின் சிறிய வேனை ஓட்டுகிறேன். மலைமேல் இருக்கும் கிழடுகட்டைகளை மருத்துவப் பரிசோதனைக்கும் கடைக்கும் கீழூர் ஆஸ்பத்திரிக்கும் ஏற்றி இறக்குவது வேலை. வயது ஐம்பத்திரண்டு, இடுப்பு தொண்ணூற்றொன்று. இன்னும் இருபத்துமூன்று வருஷம் குற்றவாளியாகவே வாழவேண்டியவன்.

கிஹெய் அண்ணன் வீடு எங்கள் சரிவின் கடைசி வீடு. ஆப்பிள் தோப்பு, இரண்டு பேர், ஒரு பூனை. பூனை மட்டும் நல்ல சதைப்பிடிப்பு. அண்ணனுக்கு எழுபத்தேழு, நொபுயோ அக்காவுக்கு எழுபத்து நான்கு. அதாவது ஒரே கூரைக்குக் கீழே இரண்டு சட்டம். அதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை, கடைசிவரை.

அக்காவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நாற்பது வருஷத்துக்கு முன்னால் எங்கள் மலையில் ஆண்கள் அறுபதைப் பார்ப்பதே அபூர்வம். ஊறுகாய், உப்பு, அரிசிக் கள், குளிர். மூளையில் ரத்தக்குழாய் வெடித்து விழுவார்கள். கிஹெய் அண்ணனின் அப்பா ஐம்பத்தெட்டு வயதில் தோப்பு ஏணியிலிருந்து அப்படித்தான் விழுந்தார்; விழும்போதே உயிர் போயிருந்தது. கீழே நின்று கிளை பொறுக்கிக்கொண்டிருந்தவர் மருமகள் நொபுயோ. மறுவருஷம் நகராட்சி சுகாதாரத் தொண்டர்களைத் திரட்டியபோது முதலில் பெயர் கொடுத்தவரும் அவர்தான். பேனா மாதிரி ஒரு உப்பு மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார். கதவைத் தட்டமாட்டார். நேராக அடுப்படிக்குப் போய், உப்புச் சோயா விழுதைக் கரைத்துக் காய்ச்சும் மிசோ சூப்பில் மீட்டரை நட்டு, எண்ணைப் படித்து, வீட்டுக்காரியின் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே பாதி ஊர் உயிரோடு இருக்கிறது என்பார்கள். நல்ல பெயர்தான் அது, திட்டுவதுபோலச் சொன்னாலும்.

வீட்டில் நடந்தது இன்னும் கடுமை. ஐம்பது வயதில் கிஹெய் அண்ணன் எழுபத்து நான்கு கிலோ, அப்பாவைப் போலவே கழுத்தும் வயிறும். அக்கா அவரை அறுபது வயதில் அறுபது கிலோவுக்குக் கொண்டுவந்தார். எழுபதில் ஐம்பத்துநான்கு. பரிசோதனைக்கு முதல்நாள் இரவு வெறும் கஞ்சி. அன்று காலை அதுவும் கிடையாது, ஆற்றங்கரையை இரண்டு சுற்று வேர்க்க வேர்க்க நடந்துவிட்டு நேரே எடைமேடை. ஊரில் பாதிப்பேர் இதைத்தான் செய்தார்கள், ஆனால் முப்பது வருஷம் ஒருநாள்கூடத் தவறாமல் செய்த வீடு இது ஒன்றுதான். 'முன்மாதிரி மெலிவுக் குடும்பம்' என்று மிசுகோஷி கண்ணாடிச் சட்டம்போட்டுக் கொடுத்த சான்றிதழ் மூதாதையர் மாடத்துக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது. மாமனார் படத்தைவிட அரை அடி உயரத்தில்.

ஜனவரிக் கடைசியில் அண்ணனுக்குப் பெருங்குடலில் கட்டி என்று கீழூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எடை நாற்பத்தேழு. அறுவை சிகிச்சை டாக்டர் சின்ன வயசு, பேச்சு நேர்.

“கட்டி பெரிசில்ல தாத்தா. எடுத்துடலாம். ஆனா இந்த உடம்புல கத்தி வெச்சா கட்டியால சாகமாட்டீங்க, கத்தியால சாவீங்க. ஆறு வாரம் தர்றேன். அதுக்கு மேல கட்டியும் காத்திருக்காது. அம்பது கிலோவோட வாங்க.”

திரும்பும் வழியில் அரைமணி நேரம் வேனை ஊர்ந்தே ஓட்டினேன். பனி கொட்டியது. துடைப்பான் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

“மூணு கிலோ,” என்றார் அண்ணன் கடைசியில். “முப்பது வருஷமா இவ இறக்கினத ஆறு வாரத்துல ஏத்தணுமாம்.”

“நான் என்ன வேணும்னா செஞ்சேன்?” அக்கா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

“வேணும்னுதானே செஞ்ச. நோட்டு போட்டு எழுதிச் செஞ்ச.”

“உங்கப்பா மாதிரி ஏணியில இருந்து விழுவீங்கன்னு செஞ்சேன்.”

“விழலையே. அதான் இப்ப படுத்துக்கிட்டே சாகலாம்னு டாக்டர் சொல்றாரு.”

“தம்பி, கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க,” என்றார் அக்கா. நான் இருபதில்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

மறுவாரம் நகராட்சி நர்ஸ் குபோதெராவை அவர்கள் வீட்டுக்கு அழைத்துப் போனேன். மஞ்சள், சிவப்பு இரண்டு கட்டையும் ஒரே பையில் சுமந்து இருபது வருஷம் அலைந்து தோள் இறங்கிப்போன பெண். அண்ணனின் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டச் சொன்னார். இரண்டு கைகளின் பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து வளையமாக்கி, கெண்டைக்கால் எங்கே பருத்திருக்கிறதோ அங்கே பொருத்தினார். சதை வளையத்தை முட்ட வேண்டும். முட்டவில்லை. நடுவில் ஒரு பென்சில் போகும்.

“உள்ள வெளிச்சம் தெரியுது நர்ஸம்மா,” என்றார் அண்ணன்.

“தெரியக்கூடாதுண்ணே.”

அக்கா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். “ஒண்ணு கேக்கறேன், நேராச் சொல்லணும். கொழுப்பு கெடுதின்னு எனக்குச் சொல்லித் தந்தது உங்க ஆபீஸ். இப்ப கொழுப்பு வேணுங்கறதும் உங்க ஆபீஸ். எது பொய்?”

குபோதெரா பையை மடியிலிருந்து இறக்கிவைத்தார். “ரெண்டும் பொய்யில்லக்கா. அம்பதுல அவர் அந்த எடையோட இருந்திருந்தா அறுபது தாண்டியிருக்கமாட்டார். நீங்க எறக்கினது சரி. ஆனா எழுபது தாண்டினா கொஞ்சம் பூசினாப்ல இருக்கறவங்கதான் தாங்கறாங்க. ஒரு காய்ச்சல், ஒரு ஆபரேஷன் வந்தா உடம்பு எதையாவது எடுத்து எரிக்கணும்ல. ஒல்லியா இருந்தா எரிக்க என்ன இருக்கு?”

“கொட்டாயில வெறகு மாதிரி,” என்றார் அண்ணன். “என் கொட்டாயை இவ பெருக்கித் தள்ளிட்டா.”

“நிறுத்தற வயசு வந்தப்ப யாரு எங்கிட்ட வந்து நிறுத்துன்னு சொன்னா?” அக்காவின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

“சிவப்புத் தாள் அனுப்பினோம்,” என்றார் குபோதெரா. சொன்னதும் அவரே தலைகுனிந்துகொண்டார்.

தாள் வந்திருந்தது. ஊறுகாய்த் தொட்டிக்கு அடியில் ஈரம் உறிஞ்ச விரிக்கப்பட்டிருந்தது.

பிப்ரவரியில் ஆப்பிள் மரம் கவாத்து செய்தாக வேண்டும். பனி முழங்கால்வரை கிடக்கும்போதே, மரம் தூங்கும்போதே, வேண்டாத கிளையைக் கழித்துவிட வேண்டும். விழித்துக்கொண்ட பிறகு வெட்டினால் மரம் அழும் என்பார்கள். சாறு வடிவதைத்தான் அப்படிச் சொல்வது. அண்ணன் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் மூன்றுகால் ஏணியின் கீழே நின்று கையை நீட்டி நீட்டிச் சொன்னார். ஓய்வு நாட்களில் நான் மேலே நின்று வெட்டினேன். அக்கா விழுந்த கிளைகளைக் கட்டுக்கட்டாகக் கட்டிச் சறுக்குப் பலகையில் இழுத்துப் போனார். என் தொண்ணூற்றொன்று சென்டிமீட்டருக்கு ஏணி முனகியது.

“அந்தக் கிளைய எடுங்க தம்பி. இல்ல, அது இல்ல, அதுக்கு மேல. வெயில் உள்ள வரணும்.”

“எல்லாத்தையும் வெட்டச் சொல்றீங்களேண்ணே.”

“சின்ன மரத்துக்கு நெறைய வெட்டணும். கெழட்டு மரத்துக்குக் கை வெக்கவே யோசிக்கணும். அது மறுபடி துளிர்க்காது.” சொல்லிவிட்டு அவரே அக்கா போன பக்கம் பார்த்தார். “இந்த விஷயம் தோப்புல எல்லாருக்கும் தெரியும். அடுப்படியில ஒருத்தருக்கும் தெரியல பாருங்க.”

மதியச் சாப்பாடு தோப்புக் கொட்டகையிலேயே. அக்கா அடுக்குப் பெட்டியைத் திறப்பார். சோற்று உருண்டை, முட்டைச் சுருள், ஆற்று மீன், கீரை ஊறுகாய். முன்பெல்லாம் இரண்டு பெட்டி வரும். இப்போது பெரிதாக ஒன்று, அதுவும் அண்ணன் முன்னால்.

“நீங்க, அக்கா?”

“நான் வீட்லயே சாப்ட்டுட்டுத்தான் வந்தேன் தம்பி. சமைக்கறப்பவே வாய்ல போட்டுக்கறதுதான்.”

நான் நம்பினேன். சமைப்பவர்கள் எல்லோரும் சொல்வதுதானே.

அண்ணனுக்கு மூன்றாவது உருண்டையில் கை நின்றுவிடும். வயிறு முக்கால்வாசி நிரம்பியதும் தானாகச் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைக்கும் பழக்கம். முப்பது வருஷப் பயிற்சி. அக்கா அந்தக் குச்சிகளை எடுத்துத் திரும்பக் கையில் திணிப்பார்.

“இன்னும் ஒண்ணு.”

“போதும் நொபு. கழுத்து வரைக்கும் இருக்கு.”

“கழுத்துல ஒண்ணும் தெரியல, வெறும் எலும்புதான் தெரியுது. தின்னுங்க.”

“இதே வாய்தான் அப்ப திங்காதேன்னு சொல்லுச்சு.”

“அதே வாய்தான் இப்ப திங்கச் சொல்லுது. தின்னுங்கன்னா.”

அவர் தின்பார். கண்ணில் நீர் நிற்கும், விக்கலா வேறெதாவதா என்று கேட்கத் தோன்றாது. வெளியே ஓடையில் பனி உருகும் சத்தம் மட்டும் கேட்கும்.

பிப்ரவரி நடுவில் ஒருநாள் அக்காவைக் கடைக்கு அழைத்துப்போனேன். கூடையில் ஒரு கட்டு முள்ளங்கி. முள்ளங்கித் தழைக்கு அடியில் கொழுப்பு வரி ஓடிய பன்றிக்கறி. மேலே தழையைப் பரப்பிவைத்த விதத்தைப் பார்த்தால் கடத்தல் சரக்கு தோற்றுவிடும். பணம் கட்டும் இடத்தில் மிசுகோஷி நின்றுகொண்டிருந்தார். தன் இடுப்பை அளக்கவிடாத ஒரே மனிதர் இந்த ஊரில் அவர்தான். கோட்டுப் பொத்தான்தான் அவரை ஊருக்குக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

“அடடா, நொபுயோ அம்மா! அதே இடுப்பு, அதே நடை! நம்ம நகராட்சிக்கே நீங்க ஒரு விளக்கு. அடுத்த மாசம் மேல்சபைக்காரங்க வர்றாங்க. ‘அளவான வயிறு, அளவில்லா ஆயுள்’னு பேனர் போடறோம். நீங்க மேடையில ரெண்டு வார்த்தை பேசணும்.”

“என்ன பேசறது?”

“எப்படி இவ்வளவு ஒல்லியா இருக்கீங்கன்னு.”

அக்கா அவரை ஏறிட்டுப் பார்த்தார், சூப்பில் மீட்டரை நட்டுவிட்டுப் பார்க்கும் அதே பார்வை. “பசியோட இருக்கறது எப்படின்னா?”

மிசுகோஷி பலமாகச் சிரித்தார். பாராட்டு என்று நினைத்துவிட்டார். “அதேதான்! அதேதான்! அப்படியே பேசுங்க!” என்று சொல்லிவிட்டுத் தன் கூடையை எடுத்துக்கொண்டு போனார். அதில் இரண்டு பெட்டி கிரீம் கேக் இருந்தது. விருந்தாளிகளுக்காக இருக்கும் என்று நானும் நல்லவிதமாகவே நினைத்துக்கொண்டேன்.

வேனில் ஏறும்போது அக்கா படியைப் பிடித்துக் கொஞ்ச நேரம் நின்றார். “மூச்சு வாங்குது. வயசாகுதுல்ல,” என்றார். ரப்பர் பூட்ஸுக்குள் அவர் கால் மணி நாக்குபோல ஆடியது. பூட்ஸ் பெரிய அளவு போலும் என்று நினைத்தேன். அந்தப் பூட்ஸை அவர் பத்து வருஷமாகப் போட்டிருப்பதை நான் பத்து வருஷமாகப் பார்த்துக்கொண்டிருப்பவன்.

எடை ஏறிக்கொண்டுதான் இருந்தது. குபோதெரா வாராவாரம் வந்து பார்த்தார். நாற்பத்தேழரை. நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்பதை நெருங்கியபோது நர்ஸ் முதல்முறையாகச் சிரித்தார். “எப்படிக்கா சாதிச்சீங்க? எண்ணெய் நெறைய ஊத்தறீங்களா?”

“எண்ணெய் அதே அளவுதான்,” என்றார் அக்கா. “சோறு அதே படிதான். என் கை அதுக்கு மேல போகமாட்டேங்குது. எப்படியோ சமாளிக்கறேன்.”

அந்தப் பதிலை நர்ஸும் கேட்டார், நானும் கேட்டேன், பக்கத்தில் படுத்திருந்த பூனையும் கேட்டது. மூவரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. நர்ஸின் பையில் அக்காவுக்கு மஞ்சள் தாள்தான் இருந்தது; போன இலையுதிர்காலத்தில் அதில் ‘மிகச் சிறப்பு’ என்று முத்திரை குத்தியாகிவிட்டது.

மார்ச் பதினைந்து, ஆறு வாரம் முடிந்த நாள். முதல்நாள் சாயங்காலம் வீட்டு எடைமேடையில் அண்ணன் ஐம்பது புள்ளி இரண்டு. எனக்குப் போன்போட்டுச் சொன்னார். குரலில் பரீட்சையில் தேறிய பையனின் துள்ளல். “ஜெயிச்சாச்சு தம்பி. நாளைக்கு ஏழரைக்கு வந்துடுங்க.”

ஏழரைக்குப் போனேன். குபோதெராவும் வேனில் இருந்தார். அண்ணன் வாசலில் நின்றார், நெற்றியில் வேர்வை, மூச்சிலிருந்து புகை.

“என்னண்ணே, இந்தக் குளிர்ல வேர்க்குது?”

“ஆத்தங்கரையில ரெண்டு சுத்து போய்ட்டு வந்தேன். பரிசோதனை நாளாச்சே.”

நர்ஸ் வேனிலிருந்து எட்டிப் பார்த்தார். “சாப்ட்டீங்களா?”

அண்ணன் அக்காவைப் பார்த்தார். அக்கா அண்ணனைப் பார்த்தார். சோற்றுப் பானை மேல் துணி போர்த்தி, பரிசோதனை நாள் காலையில் வைக்கிறமாதிரியே அலமாரியில் ஏற்றி வைத்திருந்தார் அவர். நேற்று இரவு வெறும் கஞ்சி. இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பேச அவசியமும் இருந்திருக்கவில்லை. முப்பது வருஷம் இழுத்த வண்டி, மாட்டுக்கு வழி தெரியும்.

“ஐயோ,” என்றார் அக்கா.

ஆஸ்பத்திரி எடைமேடையில் அண்ணன் நாற்பத்தொன்பது புள்ளி நான்கு. டாக்டர் அந்த எண்ணைப் பார்த்தார். பிறகு, கையூன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொன்னார். அண்ணன் ஆறு தடவை எழுந்தார். கெண்டைக்காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு டாக்டர் தலையாட்டினார்.

“அறுநூறு கிராமுக்காக நான் சண்டை போடப்போறதில்ல. கால் வந்திருக்கு, ரத்தத்துல சத்தும் ஏறியிருக்கு. அடுத்த செவ்வாய்க்கிழமை வெச்சுக்கலாம். பாட்டி நல்லா கவனிச்சிருக்காங்க.”

அக்கா குனிந்து வணங்கினார். எங்கள் பக்கத்தில் ஆழமாகக் குனிவார்கள். குனிந்தவர் நிமிரவில்லை. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து எடைமேடையின் கம்பியைப் பிடித்து, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். எந்திரம் கீச்சென்று ஒலித்து எண்ணைக் காட்டியது.

முப்பத்தாறு புள்ளி இரண்டு.

குபோதெரா முழந்தாளிட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். “அக்கா, போன பரிசோதனையில எவ்வளவு?”

“முப்பத்தெட்டரை.”

நர்ஸ் என்னைப் பார்த்தார். இருவருக்கும் கணக்கு ஒரே சமயத்தில் வந்தது. அக்காவின் அந்த எடையும் அண்ணனின் ஜனவரி எடையும் சேர்ந்து எண்பத்தைந்தரை கிலோ. இன்று எண்பத்தைந்து புள்ளி ஆறு. ஆறு வாரம் மூச்சுப்பிடித்து அந்த வீடு ஏற்றியது நூறு கிராம். அதுவும் அண்ணன் கழற்ற மறந்த கைக்கடிகாரம்.

“அதே படி அரிசி,” என்றேன் நான்.

டாக்டர் கட்டிலைக் காட்டினார். ரத்த அழுத்தம் பார்த்தார்கள், சொட்டு மருந்து ஏற்றினார்கள். குபோதெரா பையிலிருந்து சிவப்புத் தாளை எடுத்தார், மஞ்சள் தாளை எடுத்தார், இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“இவங்களுக்கு எழுபத்தஞ்சுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கு. சிவப்புத் தாள்ல பதிய முடியாது. மஞ்சள்ல ஒல்லியா இருக்கறதுக்குக் கட்டமே கிடையாது.”

“அப்ப பதினெட்டு நாள் இவ என்ன பண்றது?” என்றார் அண்ணன். “மிசுகோஷி முத்திரை குத்தறவரைக்கும் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கணுமா?”

அண்ணன் கட்டிலோரம் உட்கார்ந்தார். அக்காவின் கம்பளிக் காலுறையைக் கீழே தள்ளிவிட்டு, நர்ஸ் செய்ததுபோலவே இரண்டு கைகளையும் வளையமாக்கி அவர் கெண்டைக்காலில் வைத்தார். சதை எங்கேயும் முட்டவில்லை. கைகளை நெருக்கினார். விரல் மேல் விரல் ஏறியது. மேலும் நெருக்கினார். அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“எத்தனை நாளா?” என்றார்.

“நீங்க சாகக்கூடாதுன்னுதான்.”

“அத கேக்கல. எத்தனை நாளா பட்டினி?”

“பட்டினியெல்லாம் இல்ல. கொஞ்சம் கொறச்சுக்கிட்டேன். நெறைய சமைக்கணும்னு அரிசிய அள்ளுவேன். கை திரும்பக் கொட்டிடும். என்ன பண்ணச் சொல்றீங்க? ஒருத்தர் தட்டுல ஏத்தணும்னா இன்னொரு தட்டுல எடுக்கறது ஒண்ணுதான் எனக்குத் தெரியும்.”

“செவ்வாய்க்கிழமை நான் உள்ள படுத்துட்டா ரெண்டு வாரம் உனக்கு யாரு போடுவா?”

அக்கா யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார். “பூனைக்கு நான் போட்டாகணும்ல. அப்ப சாப்ட்டுக்கறேன்.”

அண்ணன் எழுந்து நின்றார். “நர்ஸம்மா, நான் செவ்வாய்க்கிழமை வர்றேன். ஆனா என்னை உள்ள அனுப்பற அன்னிக்கு இவளும் இந்த மேடையில ஏறணும். எண்ணு ஏறலேன்னா நான் ஆபரேஷன் துணி மாத்தமாட்டேன். உங்க தாள் எந்தக் கலர்ல வேணா இருக்கட்டும்.”

குபோதெரா மஞ்சள் தாளைத் திருப்பினார். பின்பக்கத்து வெறுமையில் பேனாவால் எழுதினார்: நொபுயோ, முப்பத்தாறு புள்ளி இரண்டு. கையெழுத்துப் போட்டார். முத்திரைக்கு இடம் விடவில்லை.

சொட்டு மருந்து முடிந்ததும் நால்வரும் ஆஸ்பத்திரி உணவகத்துக்குப் போனோம். அண்ணன் முட்டை ஊற்றிய பன்றிக்கறி வறுவல் சோறு சொன்னார், நான்கு கிண்ணம். நான் வேண்டாம் என்பதற்காக வயிற்றைக் காட்டினேன். “உங்களுக்கு இன்னும் இருபத்துமூணு வருஷம் இருக்கு, அப்பறம் பாத்துக்கலாம்,” என்றார் அண்ணன்.

கிண்ணங்கள் வந்தன, ஆவியோடு, பக்கத்தில் மிசோ சூப்போடு. அக்காவின் குச்சி தன் கிண்ணத்தின் பெரிய துண்டை எடுத்துத் தானாக அண்ணன் கிண்ணத்தை நோக்கிப் போனது. அண்ணன் தன் கிண்ணத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். துண்டு நடுவழியில் நின்றது. எண்ணெய் சொட்டியது. அக்கா அதைத் திரும்பக் கொண்டுபோய் வாயில் வைத்தார்.

நெடுநேரம் மென்றார். விழுங்கினார். பிறகு கைப்பையைத் திறந்தார். மீட்டர் எங்கே போனாலும் அந்தப் பைக்குள்தான் இருக்கும். நாங்கள் மூவரும் அந்தக் கையையே பார்த்தோம். மீட்டரை வெளியே எடுத்துச் சூப்பின் மேல் ஒரு கணம் பிடித்தார். நனைக்காமல் மேசையில் வைத்துவிட்டுக் கிண்ணத்தைத் தூக்கி ஒரு வாய் குடித்தார்.

“உப்பு பத்தல,” என்றார்.

அண்ணன் சோயா சாஸ் பாட்டிலை அவர் பக்கம் தள்ளினார்.